பஞ்சமத்தில் ஒரு பிசிறு

கையில் நெய் இருந்தால் பிளாப்பியைத் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இதுதான். வேறு ஊரில் இப்படி ஒரு பாடம் இருக்குமா என்று தெரியாது. திருப்பதியில் கடை வைத்தால் இருக்கும். ரிப்பேருக்கு வருகிறவர் எவராக இருந்தாலும் கையில் ஒரு லட்டோடு வருவார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அதே விரலால் பிளாப்பியை எடுத்தால் அதோடு அதன் கதை முடிந்தது. சிலர் லட்டையும் பிளாப்பியையும் ஒரே கவரில் போட்டுக் கொண்டுவருவார்கள். அவர்களிடம் கோபப்படவும் வழியில்லை. பிளாப்பியே பிரசாதமாகிவிட்டிருக்கும்.

எங்கள் ரிப்பேர் சங்கத்துக்காரர்கள் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இப்போது கோளாறு என்றால் போர்டையே கழற்றி வேறு மாட்டிவிடுகிறார்கள். பழைய ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்து என்னதான் செய்தீர்கள் என்று இளையவர்களுக்குச் சந்தேகம். தெலுங்கில் எழுதச் சொன்னார்கள். நான் புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கடையிலும் பஸ்ஸிலும் ஆபீசிலும் தெலுங்கு தாராளமாக வரும். மனசில் இருப்பதை எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்க்கிறவர் பாடு அது.

நிறைய வேலை செய்திருக்கிறேன். பாங்கு, ஆஸ்பத்திரி, சூளூர்பேட்டைப் பக்கம் இறால் கம்பெனி என்று எங்கெங்கோ போயிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. 

என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். என்னைச் சித்தூருக்கு அனுப்பி ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் திருப்பதியில் ராமமூர்த்தி சார் வைத்திருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெருக்கினேன், தூசி தட்டினேன், ஒயர் சுற்றினேன், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்க்க வேண்டிய மனிதர்தான் அவர். சித்தூர்க்காரர், தெலுங்குக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிளாப்பி ஒன்று வந்தால் முதலில் எழுந்து போய்க் குழாயில் கை கழுவுவார். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார். மூக்குக்கோ முகத்துக்கோ அது போகாது. லேபிள் ஒட்டிய ஓரத்தை மட்டும் பிடித்து டிரைவில் போட்டுவிட்டு, உள்ளங்கையை மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே வட்டைப் படிக்கும் முள் நகரும் சத்தம் ஒரே சீராகப் போனால் முகத்தில் எதுவும் தெரியாது. போன முள் பின்னால் வந்து மறுபடி அதே இடத்துக்குப் போனால் புருவம் லேசாக அசையும். அங்கே வட்டு கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கப்புறமும் வேலையைத் தொடங்க மாட்டார். "முந்து இமேஜ், தருவாத்தே செய்யி" என்பார். முதலில் இமேஜ், அப்புறம்தான் கை வைக்கலாம் என்பது அவர் சட்டம்.

இமேஜ் என்றால் படம் இல்லை. பிளாப்பிக்குள் இருக்கும் வட்டை வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை, எழுதிய இடம், எழுதாத இடம், வேண்டாம் என்று ஒதுக்கிய இடம் எதையும் விடாமல் படித்து ஒரே ஃபைலாக வைத்துக்கொள்வது. பிளாப்பி செத்துப்போனால் புது பிளாப்பியில் அந்த ஃபைலைத் திரும்ப எழுதலாம். மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபைல்களை மட்டும் காப்பி எடுப்பது வீட்டுச் சாமான்களை மட்டும் அள்ளி வருவது. இமேஜ் எடுப்பது சுவரில் அடித்த ஆணி, மூலையில் கிடக்கும் குப்பை உட்பட வீட்டையே தூக்கி வருவது. ஹார்டு டிஸ்க் தங்க விலை விற்ற காலத்தில் அடுத்தவர் வீட்டுக் குப்பையை எதற்கு சார் சேர்த்து வைக்கிறோம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் பதில் சொன்னதில்லை.

வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாடு கதவைத் திறந்துவிட்ட காலம் வந்தது. திருப்பதியில் பக்திப் பாட்டு கேசட் போடும் ஸ்டூடியோ ஒன்று இருந்தது. அதன் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு சாம்ப்ளர் வாங்கினார். எந்த ஒலியையும் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையை அமுக்கினால் அதே ஒலியைத் திரும்பத் தரும் கீபோர்டு அது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டருக்குப் பதில் விரலகலத் திரை, எழுத்துகளுக்குப் பதில் ஆர்மோனியக் கட்டை. பிளாப்பி போட்டால்தான் உயிர் வரும். போடாவிட்டால் வெறும் பலகை. ஊரில் அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் கடையை விட்டால் ஆள் இல்லை.

அதோடு வந்த பிளாப்பிகளில் பியானோ இருந்தது, வயலின் இருந்தது, நாயனம் இல்லை. நாயனம் இல்லாமல் பெருமாள் கல்யாணப் பாட்டு எப்படிப் போடுவது? நாராயணவனத்திலிருந்து ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். ஏகாம்பரண்ணன் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு அவர் மேளம்தான். என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார்.

மிஷினைப் பார்த்துக்கொள்ள நானும் சாரும் ஸ்டூடியோவில் இருந்தோம். மடித்த பட்டு அங்கவஸ்திரத்தோடு ஏகாம்பரண்ணன் வந்து உட்கார்ந்தார். என்ன ராகம் வாசிக்கட்டும் என்று கேட்டார். ராகம் வேண்டாம், ஒவ்வொரு சுரமாக, அசைக்காமல் நேராகப் பிடியுங்கள் என்றார்கள். மிஷினில் இடம் குறைவு. கீழ் ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், இந்த நான்கு போதும். இழுத்தும் சுருக்கியும் மற்றதை மிஷினே செய்துகொள்ளும். அவருக்குச் சுரத்தை அசைக்காமல் பிடிக்க வரவில்லை. பிடித்த பிடியில் அது தானாகவே ஆடியது. திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள்.

"நேரா நிக்கறதுக்கு நாயனம் எதுக்குங்க? சங்கே போதுமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் பக்கம் சங்கு எப்போது ஊதுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு சுரம் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று கேட்பார். பதிவு செய்கிறவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். பஞ்சமம் வாசிக்கும்போது அவர் வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி ஒரு பக்கம் லேசாகப் பிளந்துவிட்டது. சுரத்தின் நடுவில் ஒரு பிசிறு விழுந்தது. வேறு சீவாளி மாற்றி வாசிக்கிறேன் என்றார். பரவாயில்லை, இதுவே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே சார் அந்த பிளாப்பிகளைக் கடைக்குக் கொண்டுவந்து கை கழுவி இமேஜ் எடுத்து வைத்தார்.

அந்த பிளாப்பிகளிலிருந்து காப்பி போய், காப்பியிலிருந்து காப்பி போய், சீக்கிரத்தில் சித்தூர் ஜில்லாவில் கீபோர்டு வைத்திருந்தவர்களிடம் எல்லாம் நாயனம் வந்துவிட்டது. புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டும் நேரம். கெட்டி மேளம் கொட்டியது. மேடையில் மேளக்காரர் யாரும் இல்லை; ஒரே ஆள் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஏகாம்பரண்ணன். அவரும் என்னைப் போல மொய் எழுத வந்தவர்.

"அது நாந்தாம்பா" என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"பஞ்சமத்துல பிசிறு அடிக்குது பாரு. அன்னிக்கு சீவாளி பொளந்துக்கினு இருந்துச்சே, அதுதான். ஊரு ஊரா நான் வாசிச்சிக்கினு கீறேன், எனக்கே தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.  அவர்தான் என் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப் போனார். "மேளக்காரனுக்கு எப்பவும் கடைசிப் பந்தி. இன்னிக்கு மொத பந்தியிலயே ஒக்காந்து துன்னலாம், வா" என்றார். நன்றாகச் சாப்பிட்டார். பாயசம்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அன்றைக்கு அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்டூடியோவிலிருந்து ஆள் ஓடி வந்தது. சாம்ப்ளர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். நானும் சாரும் போனோம். மைக்குக்குச் சந்தனப் பொட்டு, கதவுக்குப் பொட்டு, சாம்ப்ளருக்கு மாலை. எல்லாம் சரிதான். பிளாப்பிகளும் ஆயுதம்தானே என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள், அதுவும் நட்ட நடுவில், வட்டை மூடியிருக்கும் தகரக் கதவின் மேலேயே. பூஜை முடிந்து பிளாப்பியை உள்ளே தள்ளியதும் தகரம் விலகியது, குங்குமம் உள்ளே கொட்டியது, முள் அதை வட்டு முழுக்க அரைத்துவிட்டது. ஒன்று போனால் இன்னொன்று என்று எல்லா பிளாப்பியையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சார் ஒன்றை எடுத்துத் தகரத்தை நகத்தால் விலக்கினார். கறுப்பு வட்டில் சிவப்பாக ஒரு வளையம். முதலாளி சாமி குற்றமோ என்று பயந்துபோயிருந்தார். சார் நிதானமாக, "பூஜ தப்பு காது. பொட்டு பெட்டின சோட்டே தப்பு" என்றார். பூஜை தப்பில்லை, பொட்டு வைத்த இடம்தான் தப்பு.  டிரைவைக் கழற்றித் துடைக்க அரை நாள் ஆயிற்று. பிறகு கடைக்கு வந்து, வைத்திருந்த இமேஜிலிருந்து புது பிளாப்பிகளை எழுதிக் கொடுத்தோம்.

திருப்பிக் கொடுத்தபோது ஸ்டூடியோவில் வாசிக்கிறவர், எப்படியும் புதிதாகத்தானே வந்திருக்கிறது, அந்தப் பஞ்சமத்துப் பிசிறை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார். மூச்சுச் சத்தம், உரசல் எல்லாவற்றையும் வெட்டி வழவழப்பாக்கி அதையே பிளாப்பியில் சேமித்தார். அந்தப் புது பிளாப்பிகளுக்கும் ஒரு இமேஜ் எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். முதல் இமேஜ் சாரிடம் இருந்தது.

அப்புறம் முகூர்த்த நாட்களிலும் ஏகாம்பரண்ணனை அவர் வீட்டிலேயே பார்க்க முடிந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பெங்களூருக்கும் மீதிப் பேர் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக்குக் காவல்காரராகப் போனார். ஒருமுறை திருப்பதி பஸ் ஸ்டாண்டில், தோளில் பட்டி வைத்த நீலச் சட்டையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். நாயனத்தைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் உறையில் போட்டு மாட்டியிருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு எடுப்பேன் என்றார். அதற்கு முன்பே ஒருநாள் காவல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வேனில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மகள் பவானி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் கடையும் மாறியது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகம் பயந்த சமயத்தில் சாரின் மகன் அமெரிக்கா போனவர், அங்கேயே இருந்துவிட்டார். சாரின் மனைவி காலமான பிறகு அப்பாவையும் கூட்டிக்கொண்டார். சார் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது பெட்டியில் கனம் அதிகமாகிவிட்டது என்று ஊறுகாய் ஜாடிகளை எடுத்து வெளியே வைத்தார். இமேஜ்கள் இருந்த சி.டி.களைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, கூடவே கொண்டுபோனார். மகனுக்கு அதில் வருத்தம்தான். ஸ்டூடியோவும் மூடிப்போனது. அந்தச் சாம்ப்ளர் ரிப்பேருக்கென்று வந்தது, திரும்ப வாங்கிப்போக யாரும் வராமல் என் அலமாரி மேலேயே கிடந்தது.

பல வருஷம் கழித்து, நானும் வேலையைக் குறைத்துக்கொண்ட பிறகு, பவானி என்னைத் தேடி வந்தாள். சத்தியவேட்டுப் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"எங்கல்யாணத்துக்கு நைனாவே வாசிக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு சித்தப்பா. அவரு சத்தம் ஒரு பொட்டியில கீதுன்னு எங்கிட்ட சொல்லிக்கீறாரு. அத எடுத்துத் தர முடியுமா?"

அவர் வாசித்த கேசட் ஒன்றுகூடக் கிடையாதா என்று கேட்டேன். இல்லை. அவர் வாசித்த கல்யாணங்களின் வீடியோக்களையும் தேடிப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக வாசித்த மனிதருக்கு மிச்சம் அந்த நான்கு சுரங்கள்தான்.

அவளோடு நாராயணவனத்துக்குப் போய் அவள் அம்மா கன்னியம்மா அண்ணியைப் பார்த்தேன். மகள் ஆசையை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

"அந்தப் பொட்டிதான் தம்பி எம்புருசனத் துன்னுச்சு" என்றார். "அத எம்பொண்ணு கல்யாணத்துல நடுவுல வெச்சி நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

 அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று எங்கள் யாருக்குமே அன்று தெரியாது என்று சொல்லலாம். உண்மைதான். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பவானியின் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணியே கடைசியில் ஒரு முடிவு சொன்னார். முதலில் அவர் கேட்பார். அவர் புருஷன் சத்தமாகவே இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மண்டபத்து வாசற்படியை அந்தப் பெட்டி தாண்டக் கூடாது.

சாம்ப்ளரை இறக்கித் தூசி தட்டினேன். பிளாப்பிதான் பாடாய்ப் படுத்தியது. அந்த மிஷினுக்கு ஒற்றைத் துளை வைத்த பழைய ரகம்தான் வேண்டும். பின்னால் வந்தது இரட்டைத் துளை ரகம். ஒரு துளையை டேப் ஒட்டி மூடி மிஷினை ஏமாற்றுவார்கள். இன்றைக்குப் படிக்கும், நாளைக்குக் காலை வாரும். சாருக்கு அது ஆகவே ஆகாது. தேடித் தேடி, சித்தூர் கோர்ட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தது. எடுத்துக்கினு போப்பா, எடத்த அடைச்சிக்கினு கீது என்று கடைக்காரர் கொடுத்தார். யு.எஸ்.பி. டிரைவில் இந்த பிளாப்பியை எழுத முடியாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உயிர்ப்பித்து, கை கழுவி, என்னிடமிருந்த இமேஜை எழுதினேன். உள்ளங்கையை வைத்துக் கேட்டேன். முள் ஒரே சீராகப் போனது. சாம்ப்ளர் எழுந்தது.

நாராயணவனம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். அண்ணி சுவரோரம் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது வேற யாரோ. அவரு ஊதுனா மூச்சு தெரியும். இதுல மூச்சே இல்ல."

பவானி எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணி சொன்னது சரிதான். மூச்சை வெட்டி எடுத்தபோது நானே பக்கத்தில் நின்றிருந்தேனே. மூச்சு இருந்தது சாரின் இமேஜில்தான்.

அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். சாரின் குரல் தளர்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சி.டி. எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசிக்காமல் சொன்னார். பையன் அனுப்பி வைப்பான் என்றார். பிறகு, "செய்யி கடுக்குன்னாவா?" என்று கேட்டார். கழுவிக்கொண்டுதான் சார் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

"அதுல ஒரு பிசிறு இருக்கும். தீசேயொத்து, எடுத்துராதே. கஸ்டமர் குடுத்தது எப்படியோ அப்படியே இருக்கணும்" என்றார்.

கல்யாணம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று சொல்லச் சொன்னார். அவரோடு பேசியது அதுதான் கடைசி. முகூர்த்தத்துக்கு முன்பே மகன் போன் செய்து செய்தி சொன்னார். சார் அந்த ஊர் மண்ணிலேயே போய்விட்டார். எனக்குத் தொழில் கொடுத்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

இமேஜ் வந்த அன்றைக்கே புது பிளாப்பி எழுதினேன். பகல் நேரம். சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். பஞ்சமத்தை அமுக்கினேன். பிசிறு அப்படியே இருந்தது. புத்தூர்க் கல்யாண மண்டபம் கண்ணில் வந்தது. ஆனால் கெட்டி மேளத்துக்குப் பிடிக்க அந்தச் சுரத்துக்கு நீளம் போதவில்லை, பொசுக்கென்று நின்றது. சாம்ப்ளரில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி உண்டு. குறிக்கு அப்பால் இருப்பதை மிஷின் வாசிக்காது, ஆனால் அது பிளாப்பியில் கிடக்கும். முடிவுக் குறியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சுரம் நீண்டது. இன்னும் தள்ளினேன். சுரம் நின்றது, சீவாளியை வாயிலிருந்து எடுக்கும் சின்னச் சத்தம் வந்தது, பிறகு ஏகாம்பரண்ணன் பேசினார்.

"செரிங்களா?"

நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து அவர் கேட்ட கேள்வி. அடுத்தவர் வீட்டுக் குப்பை என்று நான் கேலி செய்தது. கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

பவானி வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து அண்ணியிடம் எடுத்துப் போனேன். முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்ல வரவில்லை. பஞ்சமத்தை அமுக்கிப் பிடித்தேன். பிசிறு வந்ததும் அண்ணியின் கை முந்தானையைப் பிடித்தது. சுரம் நீண்டு முடிந்தது. "செரிங்களா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"யாரைய்யா கேட்டுக்கினு கீற? நல்லாத்தான் கீது."

அதற்கப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வாசலில் போய் நின்றேன். நெடுநேரம் கழித்து வெளியே வந்தவர், பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சை வெட்ட வேண்டாம் என்றார். பவானியிடம் முன்னால் சொல்லவும் வேண்டாம் என்றார்.

கல்யாணம் நாராயணவனத்திலேயே நடந்தது. கீபோர்டு வாசிக்கப் புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தவிலுக்கு மட்டும் ஏகாம்பரண்ணனோடு வாசித்த பழைய ஆளையே அழைத்திருந்தார்கள். கன்னியம்மா அண்ணி எங்கள் பக்கத்து வழக்கப்படி மணவறைக்கு முன்னால் வரவில்லை. கணவனை இழந்தவர்கள் வரக் கூடாதாம். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது சாப்பாட்டுக் கூடத்துக் கதவருகே, தூணுக்குப் பின்னால் நின்றார். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கெட்டி மேளம் என்று குரல் கொடுத்தார்கள். பஞ்சமம் எழுந்தது, நடுவில் பிசிறோடு. பவானி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று முடிச்சும் விழுந்தது, அட்சதை விழுந்தது, தவில் நின்றது. கீபோர்டுக்காரர் நான் சொல்லிவைத்தபடி கட்டையை விடாமல் பிடித்திருந்தார்.

"செரிங்களா?"

ஒலிபெருக்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பாதிப் பேர் மைக் செட்காரர் மைக்கைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தார்கள். யாரோ, செரிதாம்பா என்றுகூடச் சொன்னார்கள். பவானி தலையை நிமிர்த்தி மண்டபத்து வாசலைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். ஆமாம் என்று மெதுவாகத் தலையசைத்தாள், பெரியவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வது போல. மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பந்தி தொடங்கியது. கீபோர்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, வழக்கம் போலக் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கச் சுவரோரம் போய் நின்றார். அண்ணி தூணுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முன்னால் நின்றார். பெட்டியை வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்றவர்.

"மேளக்காரரு மொத பந்தியில ஒக்காரட்டும்" என்றார்.

எனக்கும் அவர் பக்கத்தில் இலை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் லட்டு வைத்தார்கள். பிளாப்பி இன்னும் சாம்ப்ளரிலேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லட்டைத் தொடாமல் எழுந்து போய், கை கழுவி, லேபிள் ஓரத்தைப் பிடித்து அதை வெளியே எடுத்தேன். அண்ணி பக்கத்தில் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். அவரும் ஓரத்தை மட்டும்தான் பிடித்தார்.